காசிலிங்கம் அழுத பக்கம்

சிவஞானம் மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கையில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் இனிப்பு, பூ, வெற்றிலை பாக்கு. இன்னொன்றில் புத்தகங்கள். முதல் பை தங்கை வீட்டுக்கு. இரண்டாவது குயிலாப்பாளையத்துக்கு. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று சென்னையில் உட்கார்ந்து யோசித்தபோது சுலபமாகத்தான் இருந்தது.

தங்கை அமுதவல்லியின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். தாய்மாமன் இல்லாமல் முடியாது. குயிலாப்பாளையத்தில் மாலை ஆறு மணிக்கு அவருடைய நாவலைப் பற்றி ஒரு கூட்டம். நாவலாசிரியர் இல்லாமலும் கூட்டம் நடக்கும், இன்னும் நன்றாகவே நடக்கும் என்று நண்பர் மணிவண்ணன் போனில் சொல்லியிருந்தார். இருந்தாலும் போகத்தான் வேண்டும். ஐம்பது வயதில் வந்த முதல் நாவல்.

அதற்கு முன் இருபது வருடம் அவர் டிரம்பெட் வாசித்தார். சென்னையில் ஒரு மெல்லிசைக் குழு. கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சி மாநாடு என்று ஊர் ஊராகப் போனார். பிறகு முன்பல் இரண்டு ஆட்டம் கண்டன. பல் போனால் டிரம்பெட் போச்சு. ஊதுவதை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார். ஊதியதைப் பற்றியே எழுதினார்.

பஸ் நிற்கும் இடத்தில் மருமகள் பிரியதர்ஷினி சைக்கிளோடு நின்றிருந்தாள். கேரியரில் வாழையிலைக் கட்டு.

“என்னம்மா, பொண்ணு பார்க்க வர்ற அன்னிக்கு பொண்ணே இலை வாங்க வந்துட்ட?”

“அப்பா காலைலேர்ந்து ஓடிக்கிட்டே இருக்கார் மாமா. எதுக்கு ஓடுறார்னுதான் தெரியல. இலையை மறந்துட்டார்.”

இருவரும் நடந்தார்கள். ரோட்டோரம் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிழக்கே உப்பளப் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. விடிவதற்குள் வாரிப் போட்ட உப்பு வரப்பு நெடுகக் குவியல் குவியலாகக் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. வைகாசி வெயிலில் அந்த நேரத்துக்கு அங்கே யாரும் நிற்க மாட்டார்கள்.

“மாமா, ஒண்ணு சொல்றேன். அம்மாகிட்ட சொல்லக் கூடாது.”

“சொல்லு.”

“அவரை எனக்குத் தெரியும்.”

“யாரை?”

“வர்றவரைத்தான். நான் டீச்சரா இருக்கற ஸ்கூலுக்குப் போற பஸ்லதான் அவரும் பாண்டிக்கு வேலைக்குப் போறார். நான் கீழ்புத்துப்பட்டுல இறங்கிடுவேன். ஒரு வருஷமா.”

“பேசியிருக்கீங்களா?”

“சில்லறை இருக்கான்னு கேட்டிருக்கார்.”

“ஒரு வருஷத்துல அவ்வளவுதானா?”

“தினமும் கேட்டார் மாமா.”

சிவஞானம் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

“அவங்க அப்பாவை நினைச்சாத்தான் பயமா இருக்குது. எதுக்கும் சட்டுனு சரின்னு சொல்ல மாட்டாராம். திண்டிவனத்துல இன்னொரு பொண்ணும் பார்த்து வச்சிருக்காங்க. இன்னிக்கு நம்ம வீட்டுல கை நனைச்சாத்தான் உண்டு. ஊருக்குப் போய் சொல்லி அனுப்புறோம்னு கிளம்பிட்டார்னா முடிஞ்சுது. நீங்கதான் மாமா பார்த்துக்கணும்.”

கை நனைப்பது என்றால் சாப்பாடு. பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடிக்கலாம், பஜ்ஜி தின்னலாம். அதெல்லாம் கணக்கில் வராது. இலை போட்டு உட்கார்ந்து சோற்றில் கை வைத்தால்தான் சம்பந்தம் பேசி முடிந்ததாக அர்த்தம். மனசுக்குப் பிடிக்காத வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். நனைத்த பிறகு யாரும் பின்வாங்க மாட்டார்கள். தெருவும் இதற்காகத்தான் காத்திருக்கும். மறுநாள் குழாயடியில் “பொண்ணு எப்படி?” என்று கேட்க மாட்டார்கள், “சாப்பிட்டாங்களா?” என்றுதான் கேட்பார்கள்.

“நான் பார்த்துக்கறேன்,” என்றார் சிவஞானம். எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் அமுதவல்லி இருபது பேருக்குச் சமைத்து வைத்திருந்தாள். சாம்பார், காரக்குழம்பு, வடை, பாயசம். அண்ணனைப் பார்த்ததும் கரண்டியோடு வெளியே வந்தாள். சௌக்கியமா என்று கேட்கவில்லை.

“அண்ணா, எழுதுறேன் கிழுதுறேன்னு வாயைத் தொறந்துடாத.”

“ஏன்?”

“மியூசிக்ல இருக்கார்னு சொல்லியிருக்கேன். மாப்பிள்ளையோட அப்பாவுக்குப் பாட்டுன்னா உசுராம். அதைக் கேட்டுத்தான் இந்த வீட்டுக்கு வர்றதுக்கே தலையாட்டியிருக்கார்.”

“இப்ப நான் மியூசிக்ல இல்லியே.”

“இருபது வருஷம் இருந்தவன் இன்னும் ஒரு நாள் இருக்கக் கூடாதா?”

“எழுதுறது என்ன தப்பா?”

“தப்புன்னு யாரு சொன்னது? எழுதுறார்னு சொன்னா, சரி, வேலை என்ன பார்க்குறார்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?”

அந்தக் கேள்வியைச் சிவஞானத்தின் மனைவியும் கேட்டிருக்கிறாள்.

தங்கையின் புருஷன் பச்சமுத்து உப்பு லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுப்பவர். வாங்குகிறவனிடமும் விற்கிறவனிடமும் ஆமாம் சொல்லிப் பழகியவர். “மச்சான் சொல்றது சரிதான், நீ சொல்றதும் சரிதான்,” என்று சொல்லிவிட்டு, புத்தகப் பையை எடுத்துக்கொண்டுபோய் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் பதினோரு மணிக்கு வருவதாகப் பேச்சு. ஆனால் ஏனோ கிளம்புவதில் தாமதமாகிவிட்டது. நடுவில் எமகண்டம் வந்தது. அது கழிந்த பிறகுதான் படி ஏறுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மணி சுமாருக்கு ஒரு சுமோ வந்து நின்றது. காசிலிங்கம், அவர் மனைவி முத்தம்மாள், மகன் சரவணகுமார் மூவரும் இறங்கினார்கள். வேறு சொந்தக்காரர்கள் யாரையும் அழைத்து வரவில்லை. கூட்டம் சேர்த்தால் அங்கேயே முடிவு சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

காசிலிங்கம் ஆறடி ஆள். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் அவருக்கு உப்பளம் இருந்தது. வெயிலில் வெந்த முகம். உட்கார்ந்ததும் விசிறியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சமையலறைப் பக்கமிருந்து வந்த வடை வாசனைக்கு மூக்கைத் திருப்பினார், பிறகு தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

பிரியதர்ஷினி தட்டோடு வந்தாள். கேசரி, பஜ்ஜி, காபி. சரவணகுமார் நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டான். காதுகள் சிவந்துவிட்டன. முத்தம்மாள் மகனின் காதைப் பார்த்தாள். பிறகு பெண்ணைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று சிவஞானத்துக்குத் தோன்றியது.

காசிலிங்கம் பெண்ணிடம் பெயரைக் கேட்டார், படிப்பைக் கேட்டார். கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்ததும் நாற்காலியைச் சிவஞானத்தின் பக்கம் திருப்பிப் போட்டார்.

“மியூசிக்காரர் நீங்கதானா?”

“ஆமாங்க.”

“என்ன வாசிப்பீங்க?”

“டிரம்பெட்.”

“டிரம்பெட்டா!” நாற்காலி இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது. “கொண்டாந்திருக்கீங்களா?”

அமுதவல்லி கதவோரம் நின்று அண்ணனையே பார்த்தாள்.

“ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்.”

“அடடா.” காசிலிங்கத்தின் முகம் சுருங்கியது. பிறகு தானாகவே மலர்ந்தது. “டிரம்பெட்னதும் ஞாபகம் வருது பாருங்க. எங்க ஊர் தீமிதித் திருவிழா. இவன் அப்ப கைக்குழந்தை. நான்தான் விழாக்குழுத் தலைவர். மெட்ராஸ்லேர்ந்து ஆர்க்கெஸ்ட்ரா. ஒரு பாட்டுல நடுவுல டிரம்பெட் பிட்டு ஒண்ணு வரும். அந்தப் பிட்டுக்காகத்தான் நான் அந்தப் பாட்டையே கேக்குறது. அந்த டிரம்பெட்காரன் என்ன பண்ணான் தெரியுமா? பிட்டை அப்படியே முழுங்கிட்டான். கீபோர்டுக்காரன் பொய்ங் பொய்ங்னு ஒப்பேத்துறான். விடுவனா? மேடை ஏறிட்டேன். மைக்குக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். பிட்டு வந்தாத்தான் எழுந்திருப்பேன்னுட்டேன்.”

“வாசிச்சானா?” என்று கேட்டார் பச்சமுத்து.

“வாசிக்காம? வாசிச்சான். கேட்டேன். இறங்கிப் போனேன். அவ்வளவுதான்.”

சிவஞானம் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். அன்று அந்த உதடு வெடித்திருந்தது. தொடர்ந்து நாலு ஊரில் கச்சேரி. அந்த ஒரு பிட்டை மட்டும் தவிர்த்துவிடலாம் என்று நினைத்தார். மேடை ஏறி உட்கார்ந்த ஆளின் முகம் அவருக்கு நினைவில் இல்லை. ஆனால் பிட்டு முடிந்ததும் அந்த ஆள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுததும் தோள்கள் குலுங்கியதும் நன்றாக நினைவில் இருந்தன. அதைத்தான் நாவலில் எழுதியிருந்தார். உப்பு முதலாளி என்றே எழுதியிருந்தார். காசிலிங்கம் சொன்ன கதையில் எல்லாம் இருந்தன, அந்த அழுகையைத் தவிர.

அந்தப் பக்கம் இப்போது ஐந்து பிரதிகளாக அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. அங்கேயே கிடக்கட்டும் என்று சிவஞானம் வேண்டிக்கொண்டார்.

காசிலிங்கம் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“ராகு காலத்துக்கு முன்னாடி வீடு போய்ச் சேரணும். பொண்ணு நல்லா இருக்குது. குடும்பமும் நல்ல குடும்பம். ஆனா பாருங்க, போன மார்கழில கடல் உள்ள வந்து மொத்தப் பாத்தியும் சேறாப் போச்சு. இப்பத்தான் வெளுக்குது. இந்த வருஷம் நான் எதையும் அவசரப்பட்டு சொல்றதில்லன்னு வச்சிருக்கேன். அதனால நாங்க ஊருக்குப் போய்…”

பச்சமுத்து ஆமாம் என்று தலையாட்ட ஆரம்பித்துவிட்டு, எதற்குத் தலையாட்டுகிறோம் என்று புரிந்து நிறுத்தினார். சமையலறையில் ஏதோ ஒரு மூடி கீழே விழுந்தது.

அப்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு ஸ்கூட்டியும் வந்து நின்றன.

“எழுத்தாளரே! உங்க செல்லுக்கு என்னதான் ஆச்சு?”

மணிவண்ணன் தலையெல்லாம் புழுதியோடு உள்ளே வந்தார். கிளியனூர் தபால் ஆபீசில் குமாஸ்தா. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு சிற்றிதழ் கொண்டுவருவார். சில சமயம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பின்னால் சத்யப்ரியா வந்தாள். குயிலாப்பாளையத்தில் ஊதுபத்திக் கடையில் வேலை செய்பவள், கவிதை எழுதுபவள். கையில் நாவல். பக்கத்துக்குப் பக்கம் துண்டுக் காகிதம் செருகியிருந்தாள்.

“போன் போட்டா போகல சார். வர்றீங்களா இல்லையான்னே தெரியல. அதான் கையோட கூட்டிட்டுப் போயிடலாம்னு வந்தோம்,” என்றாள் அவள். அதன் பிறகுதான் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். “ஐயோ, விருந்தாளிங்க இருக்காங்களா?”

காசிலிங்கம் எழுந்திருக்கவில்லை.

“யாருப்பா எழுத்தாளர்?”

“இவர்தாங்க,” என்றார் மணிவண்ணன். “பெரிய நாவல் எழுதியிருக்கார். நல்ல நாவலான்னு இன்னிக்குச் சாயங்காலம்தான் பேசி முடிவு பண்ணப் போறோம். ஆனா பெரிய நாவல்.”

“மியூசிக்குன்னு சொன்னாங்களே?”

அமுதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

“நாவலே மியூசிக்கைப் பத்தித்தாங்க,” என்றாள் சத்யப்ரியா உற்சாகமாக. “ஒரு ஆர்க்கெஸ்ட்ராக்காரரோட கதை. இந்தக் கடற்கரை ஊருங்க எல்லாம் வரும். இதுல ஒரு தீமிதித் திருவிழா…”

“சத்யா, வேண்டாம்மா,” என்றார் சிவஞானம்.

“…அதுல ஒரு உப்பு முதலாளி மேடை ஏறி உக்காந்துடுவார் பாருங்க!”

காசிலிங்கம் கையை நீட்டினார்.

“குடும்மா இங்க.”

புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. மகனிடம் கொடுத்தார். “படிடா.”

சரவணகுமார் துண்டுக் காகிதம் இருந்த இடத்தைப் பிரித்தான். பஸ்ஸில் சில்லறை கேட்பதைத் தவிர வேறு எதுவும் உரக்கப் பேசிப் பழகாதவன் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தான்.

“‘உப்பு முதலாளி மைக்குக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் ஊதினேன். உதட்டிலிருந்து ரத்தம் வாய்க்குள் போயிற்று. முடித்துவிட்டுப் பார்த்தேன். அவர் துண்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கைதட்டிய ஜனத்தில் ஒருவர் முகமும் எனக்கு நினைவில்லை.’”

பிரியதர்ஷினி சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

“அந்த டிரம்பெட்காரன் நீங்கதானா?” என்றார் காசிலிங்கம்.

“நான்தாங்க.”

“பிட்டை முழுங்கினது நீங்கதான்.”

“உதடு வெடிச்சிருந்துதுங்க.”

“அதை அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாது? நான் என்ன மனுஷன் இல்லியா?” தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். “அது போவட்டும். நான் எப்பய்யா அழுதேன்?”

“ஐயா, நீங்கதானா அவர்?” மணிவண்ணன் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். “கையைக் குடுங்க. நானும் அதைத்தான் இவர்கிட்ட சொல்றேன். அந்த அழுகை தேவையே இல்ல. ஏறினார், உக்காந்தார், கேட்டார், இறங்கிப் போனார். அங்கேயே முடிச்சிருக்கணும். அழ வச்சதும் சினிமாவாப் போச்சு.”

“கரெக்டு. இறங்கிப் போனேன்.”

“அழலன்னா அவர் எதுக்கு மேடை ஏறணும்?” என்றாள் சத்யப்ரியா. “வீம்புக்கு ஏறினதாப் போயிடும் இல்ல?”

“வீம்புக்குத்தாம்மா ஏறினேன்.”

“உங்களுக்குத் தெரியாதுங்க.”

“எனக்குத் தெரியாதா? ஏம்மா, ஏறினதே நான்தானே!”

அமுதவல்லிக்கு இந்தப் பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் வெயிலில் வந்திருக்கிறார்கள்.

“சாப்பிட்டீங்களா தம்பி?”

“காலைல ஒரு டீ குடிச்சோம்க்கா,” என்றார் மணிவண்ணன். அவர் இந்த மாதிரி விஷயங்களில் பொய் சொல்ல மாட்டார்.

வந்தவர்களைப் பசியோடு அனுப்ப முடியாது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடவில்லை என்பதற்காக அண்ணனின் சிநேகிதர்களைப் பட்டினி போட முடியுமா? கூடத்தில் பாய் விரித்தாள். பிரியதர்ஷினி இலை போட்டாள். மணிவண்ணனும் சத்யப்ரியாவும் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். வாதம் அதற்காக நிற்கவில்லை. காசிலிங்கம் கொஞ்ச நேரம் நாற்காலியிலிருந்து குனிந்து குனிந்து பேசினார். குனிந்து பேசினால் ஆத்திரம் சரியாக வரவில்லை. எழுந்து நின்று பேசினார். அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு மணிவண்ணனுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரே பேச்சு,” என்றார் சிவஞானத்தைப் பார்த்து. “அந்த அழுகையை எடுத்துடுங்க. நாளைக்கு எங்க ஊர்ல நாலு பேர் படிச்சா என்ன நினைப்பாங்க? எடுத்துடுங்க. எடுத்துட்டீங்கன்னா மத்ததை உக்காந்து பேசுவோம்.”

மற்றது என்ன என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சிவஞானத்தைப் பார்த்தார்கள்.

அந்த வரியை அவர் மூன்று முறை அடித்திருக்கிறார். மூன்று முறையும் திரும்ப எழுதியிருக்கிறார். நாவல் முழுக்க அவருக்குச் சந்தேகம் இல்லாத வரி அது ஒன்றுதான். சமையலறை வாசலில் மருமகள் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வரி என்ன, அத்தியாயமே போகட்டும் என்று தோன்றியது.

“எடுத்துடறேங்க,” என்றார். “அடுத்த பதிப்புல இருக்காது.”

“அடுத்த பதிப்பா?” என்றார் மணிவண்ணன். “முதல் பதிப்பு விக்கட்டும் சார் முதல்ல.”

சத்யப்ரியா சிவஞானத்தைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. பச்சமுத்து பெருமூச்சு விட்டார். ஆனால் காசிலிங்கத்தின் முகம் தெளியவில்லை. இருண்டது.

“அவ்வளவுதானா? எடுன்னா எடுத்துடுவீங்களா?”

“நீங்கதானே சொன்னீங்க.”

“அப்ப நீங்க எழுதினது பொய்யா?”

“பொய்யில்லீங்க. என் கண்ணால பார்த்தேன்.”

“பார்த்ததை எதுக்குய்யா எடுக்குறீங்க?” காசிலிங்கம் தொடையில் அடித்தார். “அன்னிக்கும் இப்படித்தான். பிட்டை முழுங்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னீங்க. ஒரு ஆள் மேடை ஏறி உக்கார வேண்டியிருந்துது. இன்னிக்கும் முழுங்கப் பாக்குறீங்க. உங்களுக்கு ஒரு தரமாவது முழுசா வாசிக்கணும்னு தோணாதா?”

“எடுக்கச் சொன்னது நீங்கங்க,” என்றார் சிவஞானம் மறுபடியும்.

“நான் ஆயிரம் சொல்வேன். கேக்குறவன் ஆயிரம் கேப்பான். வாசிக்கிறவனுக்கு எங்க போச்சு புத்தி?”

அமுதவல்லி சோற்றுப் பாத்திரத்தோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாள். சத்யப்ரியாவுக்குப் போட்டாள், மணிவண்ணனுக்குப் போட்டாள். வரிசையில் மூன்றாவதாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இலையை விரித்தாள், தண்ணீர் தெளித்தாள், சோறு போட்டாள், சாம்பார் ஊற்றினாள். பழக்க தோஷமா, தெரிந்தேதான் செய்தாளா என்று சிவஞானம் பிறகு எப்போதும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

“இந்தத் தம்பி சொல்றதுல ஒரு நியாயம் இருக்குது,” காசிலிங்கம் மணிவண்ணனைக் காட்டினார். “அழுகை வேணாம்னு சொல்றார், காரணம் சொல்றார். அந்தப் பொண்ணு வேணும்னு சொல்லுது, அதுக்கும் ஒரு காரணம் சொல்லுது. நீங்க எழுதினவரு, எதுவும் சொல்லாம எடுத்துடறேன்றீங்க.” பேசிக்கொண்டே சோற்றில் குழி செய்தார். சாம்பாரைப் பிசைந்தார். ஒரு கவளம் வாயில் போட்டார். விடிகாலை மூன்று மணிக்கு உப்பளத்துக்குப் போன மனிதர். அடுத்த கவளம் தானாக வந்தது. “என் துண்டு, என் கண்ணு, என் அழுகை. நானே வேணாம்னாலும் எடுக்கக் கூடாதுன்னு சொல்ல வேணாமா நீங்க?”

“அப்ப அழுதீங்களா?” என்றாள் சத்யப்ரியா.

“அழல!” வடையைப் பிட்டார். “தீமிதி நடந்த இடம்மா. புகை. கண்ணு எரிஞ்சுது.”

பச்சமுத்துதான் முதலில் பார்த்தார். அவர் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அடுத்து சரவணகுமார் பார்த்தான். புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்பாவின் கையையே பார்த்தான். சமையலறை வாசலில் பிரியதர்ஷினி மூச்சுவிடவில்லை. மணிவண்ணன் ஒருவர்தான் ஒன்றும் தெரியாமல் காரக்குழம்பு கேட்டார்.

“அழுதீங்க,” என்றாள் முத்தம்மாள்.

வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“என்னது?”

“அன்னிக்கு அழுதீங்க. மேடையில அழுதீங்க, வீட்டுக்கு வந்து கட்டில்ல உக்காந்தும் அழுதீங்க. என்னாங்கன்னு கேட்டா, அந்தாளு எப்படி வாசிச்சான் பார்த்தியாடின்னு சொல்லிச் சொல்லி அழுதீங்க. துண்டை நான்தான் தோய்ச்சேன். புகையாம்.” அவள் இலையைச் சுட்டிக்காட்டினாள். “அது கிடக்கட்டும். கையைப் பாருங்க.”

காசிலிங்கம் கையைப் பார்த்தார். ஐந்து விரலிலும் சாம்பார் சோறு. இலையில் பாதி காலியாகியிருந்தது. கடித்த வடை ஓரத்தில் இருந்தது.

நிமிர்ந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். அமுதவல்லி சாம்பார் வாளியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு அமராவதி எட்டிப் பார்த்துவிட்டு, இலையைப் பார்த்துவிட்டு, மறைந்தாள். செய்தி தெருவுக்குப் போய்விட்டது.

“எழுத்தாளரே,” என்றார் காசிலிங்கம் மெதுவாக. “இதையும் எழுதுவீங்களா?”

“நீங்க வேணாம்னா எழுத மாட்டேன்.”

“பார்த்தியா! மறுபடியும் முழுங்குறார் பார்த்தியா!”

சிவஞானத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எழுதுவேங்க,” என்றார். “அழுததையும் எடுக்க மாட்டேன். நீங்க கல்யாணத்தையே வேணாம்னு சொன்னாலும் எடுக்க மாட்டேன்.”

“அண்ணா!” என்றாள் அமுதவல்லி.

காசிலிங்கம் அவரையே பார்த்தார். பிறகு இலைக்குத் திரும்பினார். ஓரத்தில் இருந்த மிச்ச வடையை எடுத்து வாயில் போட்டு மென்று முடித்தார்.

“இப்ப வாசிச்சீங்களே, இது சரி,” என்றார். பச்சமுத்துவைப் பார்த்து அதட்டினார். “என்ன சம்பந்தி, மரம் மாதிரி நிக்கிறீங்க? ரசம் போடச் சொல்லுங்க.”

பச்சமுத்து ஆமாம் ஆமாம் என்று நாலு முறை சொன்னார். அதில் ஒன்றுகூட ரசத்துக்கானது அல்ல.

முத்தம்மாள் எழுந்து வந்து தனக்கு ஒரு இலை போடச் சொல்லி உட்கார்ந்தாள். சரவணகுமாரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பிரியதர்ஷினி ரசம் கொண்டுவந்தாள். அவன் இலையில் ஊற்றும்போது கை தவறி ரசம் பாய்வரை ஓடியது. அவன் இலையின் விளிம்பை மடித்து அணை கட்டினான்.

“இப்ப என்ன நடந்துது?” என்று மணிவண்ணன் சிவஞானத்தின் காதில் கேட்டார்.

“கல்யாணம் நிச்சயமாச்சு.”

“யாருக்கு?”

“சாப்பிடுங்க, சொல்றேன்.”

அமுதவல்லி பாயசத்தை எல்லோருக்கும் இரண்டு முறை ஊற்றினாள். மணிவண்ணனுக்கு மூன்று முறை. அவர் வந்த நேரம்தான் நல்ல நேரம் என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். அவர் என்ன செய்தோம் என்று புரியாமலே குடித்தார்.

ராகு காலத்துக்கு அரைமணி முன்னால் எல்லோரும் எழுந்தார்கள். காசிலிங்கம் கொல்லையில் கை கழுவிக்கொண்டு வந்து துண்டில் துடைத்தார்.

“அந்தக் கூட்டம் எங்க நடக்குது?”

“குயிலாப்பாளையத்துலங்க,” என்றார் மணிவண்ணன். “ஒரு எட்டுப் பேர் வருவாங்க.”

“அதுல எத்தனை பேர் அழுகை வேணாம்ன்ற ஆளு?”

“பாதிக்குப் பாதி இருக்கும்.”

“சுமோவுல எடம் இருக்குது. ஏறுங்க எழுத்தாளரே. நானும் வர்றேன்.”

“நீங்க எந்தப் பக்கம் பேசப் போறீங்க?” என்றாள் சத்யப்ரியா.

காசிலிங்கம் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“அங்க வந்து சொல்றேன்.”

சிவஞானம் புத்தகப் பையோடு பின்னால் ஏறினார். முத்தம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.

“அங்க போயும் அழாம இருந்தாச் சரிதான்,” என்றாள்.